பயக் கிளிப்பில் கொழுவிய தாள்

புது மெஷின் வந்த கிழமையும் நான் ஓய்வு பெற்ற கிழமையும் ஒன்றாய்ப் போயிற்று. பழைய ஈ.சி.ஜி. மெஷின் கோட்டை மட்டும் போடும். இது கோட்டையும் போட்டு, தாளின் தலையில் தீர்ப்பையும் அடித்துத் தருகிறது. அது ‘நோர்மல்’ என்று எழுதிய முதல் நெஞ்சு என்னுடையது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொரு மெஷினுக்கும் முதல் நோயாளி நான்தான்.

என் கதிரைக்கு வந்திருக்கும் தங்கச்சி அன்றைக்குக் கேட்டாள். “அண்ணன், எல்லாத்தையும் மெஷினே சொல்லுதே. மறுகா நாங்க என்னத்துக்கு?”

“பிளக்கைக் குத்த ஆள் வேணுமே மகள்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்துமூன்று வருடமாக அந்த அறையில் நான் செய்த வேலை பாதி இதுதான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரிக்க வைப்பது. நலன்புரிச் சங்கத்து மலருக்கு ‘அனுபவம் எழுதித் தாங்க, உங்கட பகிடி எல்லாம் போட்டு’ என்று கேட்டிருக்கிறார்கள். பகிடி ஒன்றை எழுதுகிறேன். சிரிப்பு வருமோ தெரியாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு, நெஞ்சில் ஆறு கிண்ணம். இதைக் கொழும்பில் மாதக் கணக்காகச் சொல்லித் தந்தார்கள். ஒருவர் நெஞ்சில் ஒருவர் ஒட்டிப் பழகினோம். புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் படித்தாலும் அந்த நோய் வருத்தம் அன்று பின்னேரமே எனக்கு வந்துவிடும். பரீட்சை எழுதுவதற்கு முன் நான் நான்கு தடவை செத்திருக்க வேண்டும். பிறகு வாவிக்கு மேற்கே இருந்தும் ஆட்கள் வந்துபோகிற ஓர் ஆஸ்பத்திரியில் நியமனம் கிடைத்தது. பெயர் வேண்டாம். இந்த மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அங்கே எனக்கு வாய்த்தவர் பெரிய டொக்டர். இதயம், நுரையீரல் எல்லாம் பார்க்கிற நிபுணர், யாழ்ப்பாணத்துக்காரர். எங்களை ‘நீர்’ என்றுதான் பேசுவார். முதல் மாதம் அவர் என்னோடு கோபம் என்று நினைத்திருந்தேன்.

அவர் ஒரு தாளைப் பார்க்கிற விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீட்டியவுடன் வாங்க மாட்டார். கையைக் கழுவி, நான்காய் மடித்த தன் லேஞ்சியால் விரல் விரலாகத் துடைப்பார். பிறகு வாங்கி, பெயரை வாய்விட்டு வாசிப்பார். வயதை வாசிப்பார். கோட்டை அதற்குப் பிறகுதான் பார்ப்பார். அதுவும் மேலிருந்து இல்லை, அடியில் ஓடுகிற நீளக் கோட்டிலிருந்து. ஒரு துண்டுக் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து, அதைக் கோட்டின் மேல் நகர்த்தி நகர்த்தித் துடிப்புகளை அளப்பார். ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடிப்பார். இவ்வளவும் முடிய ஒரு சொல்தான் வரும்: “சரி.” அல்லது, “ஆளைக் கூப்பிடும்.”

இப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு எத்தனை தாள் பார்க்கலாம்? ஓ.பி.டி. பக்கம் வரிசை வாசல்வரைக்கும் நிற்கும். ஆகவே அவர் என்னிடம் ஒரு பொறுப்புத் தந்தார். தாள்களை இரண்டாகப் பிரித்து இரண்டு கிளிப்பில் கொழுவ வேண்டும். ஒன்று உடனே பார்க்க வேண்டியது, மற்றது வார்ட் சுற்றி வந்து பார்க்க வேண்டியது. “உமக்குக் கண் இருக்கு. பிரியும்” என்றார். அந்தப் புகழ்ச்சியில் நான் ஒரு அடி வளர்ந்தேன். வளர்ந்தவன் சும்மா இருக்கவில்லை, மூன்றாவது கிளிப் ஒன்றை நானே சுவரில் அடித்தேன். அதற்குப் பெயர் பயக் கிளிப்.

காதல் முறிந்த பொடியன்மார், பென்சனுக்கு ஒரு வருடம் இருக்கிற வாத்திமார், பிள்ளை பெற்று ஒன்றிரண்டு மாதமான தாய்மார். இவர்களின் கோடு வேகமாக ஓடும், வேறு ஒன்றும் இருக்காது. நெஞ்சு படபடக்குது, மூச்சு வாங்குது, கை விறைக்குது, எனக்கு என்னவோ நடக்கப் போகுது என்பார்கள். தாய்மார்தான் அதிகம். ‘நான் செத்தா இந்தப் பச்சைப் பிள்ளையை ஆர் பாக்கிற?’ என்று கேட்காத தாயை நான் கண்டதில்லை. அவர்களை ஒரு பகிடியோடு அனுப்பிவிடுவேன். தாள் மூன்றாவது கிளிப்புக்குப் போகும். பகலைக்கு ஒரு சின்ன டொக்டர் வந்து, அந்தக் கட்டை முழுக்க ஒரே மூச்சில் பார்த்து ‘நோர்மல்’ போட்டு முடிப்பார். அந்தக் கிளிப் வந்த பிறகு வரிசை பாதியானது. பெரிய டொக்டர் அதைக் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது அனுமதி என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் நான் சரியாகவே பிரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் ஆபத்து.

இனி என் சொந்தப் பயத்தின் கதை. எனக்கு நாற்பத்தைந்து வயதில், எதிர்பாராத விருந்தாளியாக எங்கள் கடைசி மகள் பிறந்தாள். மூன்றாம் நாள் மனைவி எழும்பி நடந்தாள். பத்தாம் நாள் நான் விழுந்தேன். இடது பக்க நெஞ்சில் குத்து. தோள்மூட்டில் உளைவு. இந்த வயதில் பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகப் போகிறோம் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று கண்ணீர்கூட விட்டேன். மனைவி பிள்ளை பெற்றவர்களுக்கு வைக்கிற சரக்குக்கறி தின்ன, நான் அதன் மணத்துக்கே நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் வேலைக்கு வந்ததும் முதல் வேலை, கதவைச் சாத்தி, எனக்கு நானே ஈ.சி.ஜி. எடுப்பது. தன் நெஞ்சில் தானே ஆறு கிண்ணம் ஒட்டி, படுத்தபடி கால்விரலால் மெஷினைத் தட்டுவது லேசான வித்தை இல்லை. ஒரு நாள் கொண்டி போட மறந்துவிட்டேன். அற்றெண்டன் பூமணி அக்கா கூட்டுகிற தும்புத்தடியோடு உள்ளே வந்துவிட்டார்.

“என்ன தம்பி இது, பிள்ளப் பெத்தது நீயா, உண்ட பொண்டாட்டியா?”

“கதவைச் சாத்துங்க அக்கா. நெஞ்சு நோகுது.”

“நோகும், நோகும். அவ பெத்த நோ கிறுகி இஞ்சால வந்திட்டு போல.”

ஆஸ்பத்திரி முழுக்கக் கதை பரவியது. கிண்டலுக்கு நான் பழக்கம், வருத்தமில்லை. ஆனால் இதைக் கவனியுங்கள். அந்த மாதத்தில் நான் எடுத்த என் பதினொரு தாளையும் பெரிய டொக்டர் பார்த்தார். பதினொன்றுக்கும் கை கழுவினார், துடைத்தார், பெயரை வாசித்தார். “கழற்றும் சட்டையை” என்று சொல்லி, நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டார். மனம் ஆறட்டும் என்று டவுனுக்கு அனுப்பி எக்கோவும் எடுப்பித்தார். ஒன்றுமே இல்லை. “நெஞ்சு நல்ல நெஞ்சு காணும். மேல்மாடியிலதான் கொஞ்சம் ஒழுக்கு” என்றார். அவர் வாயில் நான் கேட்ட ஒரே பகிடி அது.

என் தாள் ஒன்றுகூடப் பயக் கிளிப்பில் தொங்கியதில்லை.

அடுத்த வருடம் ஓர் இளம் தாய் வந்தாள். வதனி என்று வைத்துக்கொள்வோம், பெயர் அதில்லை. வவுணதீவுப் பக்கம். இருபத்தாறு வயது, முதல் பிரசவம். புருஷன் கட்டாரில். பிள்ளைக்கு முப்பத்தொரு நாள் கழிந்து, துடக்கு என்கிற தீட்டுக் கழித்து, வீடு கழுவி, அதற்கு அடுத்த நாளே தாய் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவளுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. துண்டில் ஓ.பி.டி. டொக்டர் எழுதியிருந்தது ‘படபடப்பு’ என்ற ஒரு சொல். தாய் பிள்ளையோடு வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். பூமணி அக்கா திரையை இழுத்துவிட்டார்.

பால் கொடுக்கிற தாய்மாருக்கு ஈ.சி.ஜி. எடுப்பது பொறுமையான வேலை. வெளியே பிள்ளை ஒரு குரல் அழுதால் போதும், இங்கே பால் இறங்கி, ஒட்டிய கிண்ணம் வழுக்கி விழும். துடைத்து, திரும்ப ஜெலி பூசி, திரும்ப ஒட்ட வேண்டும். அவர்கள் வெட்கத்தில் சுவரைப் பார்ப்பார்கள். அந்த நேரத்துக்குத்தான் நான் பகிடியைச் சேர்த்து வைத்திருப்பேன்.

வதனி கட்டிலில் ஏறி இருந்தாள். சாயவில்லை.

“படு மகள்.”

“படுத்தா மூச்சு முட்டும் அண்ணன். இன்னொரு தலையணை தருவீங்களா?”

அலுமாரியில் இரண்டு தலையணை இருந்தது. எழும்பி நான்கு அடி வைக்க வேண்டும். வெளியே இருபது பேர்.

“இது கலியாண வீட்டுக் கட்டில் இல்ல புள்ள, ஒரு தலையணைதான் கணக்கு. ரெண்டு நிமிஷம் செத்த ஆள் மாதிரிக் கிட. புறகு நூறு வருஷம் இரிக்கலாம்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படுத்தாள். படுத்ததும் இருமினாள். கழுத்து நரம்பு இரண்டும் புடைத்து எழும்பியது. மூச்சு வாங்கியதில் முதல் தாளில் கோடு அலையாய் ஏறி இறங்கியது. “பயப்படாம கிட, நான் கடிக்க மாட்டன்” என்று இரண்டாவது எடுத்தேன். வேகம். நெஞ்சுப் பக்கத்துக் கோடுகளில் மேடு கொஞ்சம் தட்டையாயும் இருந்தது. பதற்றத்தில் அப்படியும் வரும் என்று எனக்கு நானே சொன்னேன். கிண்ணங்களைக் கழற்றுவதற்கு முன்பே அவள் எழும்பி இருந்துவிட்டாள்.

“எனக்கு என்ன அண்ணன்?”

“பயம்தான், வேறென்ன? எனக்கும் போன வருஷம் இதே வருத்தம்தான். நான் செத்தா போயிட்டன்? எப்ப நெஞ்சு அடிச்சாலும் ‘போடா பயமே’ எண்டு சொல்லு. அது போயிரும்.”

தாளை மூன்றாவது கிளிப்பில் கொழுவினேன். பகலைக்கு ‘நோர்மல்’ விழுந்தது. விற்றமின் குளிசையோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

தங்கச்சிமாரே, அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியை நீட்டி மட்டமாகப் படுக்க வைக்கிறவன் நான் ஒருவன்தான். டொக்டர்மார் ஆளை இருத்தி வைத்துத்தான் பார்ப்பார்கள். அவளால் படுக்க முடியாது என்பதைக் கண்ட கண் என்னுடையது மட்டுமே. அது தாளில் வராது. புது மெஷினிலும் வராது. தாளின் ஓரத்தில் நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு என் கையில் பேனை இருந்தது.

பதினெட்டாம் நாள் அவளை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். வார்டுக்கு மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி அழைப்பு. கட்டிலில் இருந்தபடி முன்னால் குனிந்து, இரண்டு கையையும் ஊன்றி, வாயால் மூச்செடுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. நான் பழக்கத்தில் அவள் தோளைப் பிடித்துச் சாய்க்கப் போனேன்.

“விடும்” என்றார் பெரிய டொக்டர். “படுக்க வைக்காதேயும். இருந்தபடியே எடும்.”

இருந்த ஆளுக்கு எடுத்தேன். சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிக் கொழுவி, திரும்ப எடுத்தேன். ஒட்சிசன், தண்ணீரை இறக்குகிற ஊசி, டவுனுக்கு அம்புலன்ஸ் என்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் கையைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினார். பிள்ளை பெற்ற சிலருக்கு இதயத் தசை தளர்ந்து வரும் வருத்தம் இது என்று அவருக்கு விளங்கியிருந்தது. எப்போது தொடங்கியது என்பதுதான் தெரிய வேண்டும்.

“முதல் வந்த அண்டைக்கு நீர்தானே எடுத்தது? இவ படுத்தவவோ?”

“ஓம் சேர். படுத்தவ.”

“எத்தினை தலையணையில?”

“ஒண்டில, சேர்.”

அவர் அதை அப்படியே நோய்க் குறிப்பு டிக்கெட்டில் எழுதினார். நான் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. படுத்தாள், ஒரு தலையணையில்தான் படுத்தாள். பயந்தவன் பொய் சொல்லத் தேவையில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். என் நெஞ்சு அந்த நேரம் அடித்த அடிக்கு ஒரு தாள் எடுத்திருந்தால் பெரிய டொக்டரே எனக்கும் ஒரு கட்டில் தந்திருப்பார்.

அந்த ஒரு வரியால் வழக்கு முடிந்தது. முதல் நாள் மட்டமாகப் படுத்தவள் என்றால், வருத்தம் முற்றியது பிறகு, வீட்டில். சிஸ்டர் வெளியே போய்த் தாயை ஏசியது உள்ளே எனக்குக் கேட்டது. “பத்தியம், சரக்கு, துடக்கு எண்டு வீட்டுக்குள்ள பூட்டி வெச்சு, சாகக் கிடக்கக்குள்ளதான் தூக்கிட்டு வருவீங்க.” தாயின் குரல் ஏதோ சொன்னது. பிள்ளை அழுததில் என்னவென்று கேட்கவில்லை. கேட்கப் போகவுமில்லை.

வதனி பிழைத்தாள். பாதி இதயத்தோடு என்று சொல்லலாம். பிள்ளைக்கு அன்றோடு புட்டிப்பால். இனிப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது, நெல் மூட்டை தொடக்கூடாது, மாடிப்படி கண்டால் நின்று ஏற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருவாள், என் கட்டிலில் ஏறுவாள். நான் கேட்காமலே இரண்டு தலையணை வைப்பேன். பெரிய டொக்டர் இடமாற்றம் பெற்றுப் போனார். மூன்றாவது கிளிப்பை நான் கழற்றி எறிந்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்படி ஒன்பது வருடம்.

என் கடைசிக் கிளினிக் நாளில் அவள் வந்தாள். புது மெஷின் கோட்டைப் போட்டு, தாளின் தலையில் என்னவெல்லாமோ எழுதியது. அவள் கால் கிளிப்புகளைக் கழற்ற விட்டபடி சொன்னாள்.

“நீங்க போனா எனக்குத்தான் நட்டம் அண்ணன். அந்த நேரம் உங்கட பகிடிதான் என்னைக் காப்பாத்தின.”

“எந்த நேரம்?”

“முதல் வந்திட்டுப் போனேனே, அந்தப் பதினெட்டு நாள். படுக்க ஏலாம சுவரில சாஞ்சு இரிப்பன். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு அழுவா. நான்தான் ‘பயம்மா இது, அந்த அண்ணன் சொன்னவர்’ எண்டு மறிச்சு வெச்ச. ‘போடா பயமே, போடா பயமே’ எண்டு சொல்லிச் சொல்லி எண்ணுவன். ஆயிரம் வரைக்கும் எண்ணியிரிக்கன்.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒன்பது வருடமாக நான் வைத்திருந்த கணக்கில் என் பிழை ஒரு தலையணைதான். இந்தப் பதினெட்டு நாளை நான் கேட்டதே இல்லை.

சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அலுமாரியில் இருந்த தலையணை முதல் டிக்கெட்டில் விழுந்த வரி வரை எல்லாவற்றையும் சொன்னேன். ‘அது பயமில்ல புள்ள. படுக்க ஏலாது எண்டு நீ சொன்னதுதான் வருத்தம். நீ சொன்னது சரி’ என்றேன். இடையில் பகிடி ஒன்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

அவள் சட்டையைச் சரிசெய்து, காலைத் தொங்கப்போட்டாள்.

“இதை என்னட்டச் சொல்லி என்ன செய்ற அண்ணன்” என்றாள். “எங்க அம்மாட்டச் சொல்லுங்க.”

சனிக்கிழமை பாலம் கடந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வதனியின் தாய் முற்றத்தில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. கதிரை எடுத்துப் போட்டார். வதனி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். நான் இருக்காமல் நின்றே சொன்னேன். மகள் படுக்க ஏலாது என்று அன்றைக்கே சொன்னதையும், டொக்டர் கேட்டபோது நான் அதை மறைத்ததையும், அதனால்தான் பழி அவர் மேல் விழுந்தது என்பதையும் சொன்னேன். உங்கள் துடக்கிலும் பிழை இல்லை, சரக்கிலும் பிழை இல்லை என்றேன்.

அவர் உளுந்தைக் கையால் பரவிக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகும் பரவினார்.

“நான் அண்டைக்கு உங்களிட்டச் சொன்னன் தம்பி” என்றார். “மறந்திட்டீங்க. திரைக்கு இஞ்சால நிண்டு, ‘ஐயா, இவ மூணு நாளாப் படுக்கவே இல்ல, இரிந்துதான் கண் மூடுறா’ எண்டன். நீங்க எட்டிப் பாத்துச் சிரிச்சிட்டுப் போனீங்க.”

எனக்கு ஞாபகமில்லை. இன்று வரைக்கும் ஞாபகமில்லை.

“வார்டில என்னை ஏசின மிஸ்ஸிட்டயும் சொன்னன். ‘ஈ.சி.ஜி. ஐயா படுத்தவ எண்டு சொல்லுறார், நீங்க என்ன கதைக்கிறீங்க’ எண்டாங்க. மறுகா எனக்கே ஐமிச்சமாப் போயிட்டு. படுத்துத்தான் கிடந்தாளோ, நான்தான் பிழையாக் கண்டனோ எண்டு. ஒம்பது வருஷம் தம்பி, இவ கண் மூடினாப் போதும், எழும்பிப் போய்ப் பாப்பன். படுத்திரிக்காளா, இரிக்காளா எண்டு. பாத்திட்டு வந்தாலும், கண்டது சரிதானோ எண்டு திரும்பப் போய்ப் பாப்பன்.”